பாம்பு பிடிக்கப் பழக்கவில்லை



"பிள்ளைகளுக்குப் பாம்பு பிடிக்கப் பழக்குறீங்களாமே டீச்சர்?" போன மாதப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு உம்மா எழுந்து கேட்டார். பலர் தலையாட்டினார்கள். அன்று நேரம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் பாடசாலையில் புதன்கிழமைகளில் கூடும் ஊர்வனக் கழகத்தின் முதல் விதி: தொடுவதில்லை, பிடிப்பதில்லை, வளர்ப்பதில்லை. பார்க்கிறோம், தூரத்தில் நின்று படம் எடுக்கிறோம், பெயர் தேடுகிறோம். அவ்வளவுதான்.

இது தொடங்கிய கதை எங்களுக்கே வெட்கம். மழைநாளில் வகுப்புக்குள் ஒரு பாம்பு வந்தது. "கரவலா!" என்று கத்தி, மாணவர்கள் அடித்துக் கொன்றார்கள். தடியோடு முன்னால் நின்றது நாங்கள்தான். பிறகு புத்தகத்தைப் பார்த்தால் அது அலு ரதனகயா. ஆளைக் கொல்லும் விஷம் இல்லாத, பல்லி தேடி வீட்டுக்குள் வரும் பாம்பு.

உண்மையில் பயப்பட வேண்டியதைப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. காய்ந்த இலைக்குள் சுருண்டு கிடக்கும், ஒரு அடியளவே வரும் குணகட்டுவா. பொலன் தெலிஸ்ஸா என்றும் சொல்வார்கள். இலங்கையில் விஷப்பாம்புக் கடிகளில் அதிகமானவை இதனால்தான். பெரும்பாலும் வீக்கத்தோடு போய்விடும், சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும். நம் ஆஸ்பத்திரிகளில் காலங்காலமாகப் பாவிக்கும் இந்திய விஷமுறி மருந்து நாகம், கரவலா, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றுக்கே தயாரிக்கப்பட்டது. குணகட்டுவாவுக்கு அது உதவாது. அந்த மருந்தே பலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கொடுக்கும். ஆகவே கடித்தது எது என்பது டொக்டருக்கு முக்கியம். பாம்பைத் துரத்த வேண்டாம், கட்டவோ கீறவோ வேண்டாம், கடிபட்ட கையை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தூரத்திலிருந்து ஒரு படம் இருந்தால் நல்லது. இதை எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளை இப்போது தூக்கத்திலும் சொல்லும்.

தவளைகளும் அப்படித்தான். தவளையைக் கொல்வதை நபியவர்கள் (ஸல்) தடுத்ததை இஸ்லாம் பாடத்தில் படித்த பிள்ளைகள்தான் கிணற்றடியில் அவற்றின் மேல் உப்புப் போட்டு விளையாடினார்கள். இந்தத் தீவில் நூற்றுக்கு மேற்பட்ட தவளையினங்கள் இருக்கின்றன. அதிகமானவை வேறெங்கும் இல்லாதவை.

இதெல்லாம் வெளிநாட்டுப் பொழுதுபோக்கு என்று ஒரு சகோதரர் சொன்னார். இல்லை நானா. நம் கம்பளையில்தான் அன்ஸ்லம் டி சில்வா இலங்கையின் ஈரூடகவாழிகள், ஊர்வனவற்றுக்கான ஆய்வு அமைப்பை நடத்தினார். 1990களில் அவர்கள் வெளியிட்ட சஞ்சிகையின் பெயர் 'லிரியோசெஃபலஸ்'. மூக்கில் உருண்டை புடைத்திருக்குமே, நம் பக்கத்துத் தோட்ட மரங்களில் அசையாமல் ஒட்டியிருக்கும் பச்சை ஓணான், அதன் விஞ்ஞானப் பெயர்தான் அது. இலங்கைப் பாம்புகளுக்கு அவர் எழுதிய வண்ணப்பட வழிகாட்டி 1990இல் வந்தது. கம்பளைக்கு இங்கிருந்து பஸ்ஸில் போய் வரலாம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அந்த அறிவு தமிழில் வந்து சேரவில்லை. சிங்களப் பெயரையும் ஆங்கிலப் பெயரையும் கொப்பியில் எழுதிக்கொண்டு, தமிழில் என்ன என்று எங்களைக் கேட்கிறார்கள். பாதிக்கு எங்களிடம் பதில் இல்லை. தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் யாராவது பழைய பெயர்களைச் சொல்லித் தந்தால் எழுதி வைப்போம்.

கழகத்தை நிறுத்துவதா என்பதை அடுத்த கூட்டத்தில் பேசுவோம். அதற்கு முன் ஒரு புதன்கிழமை வந்து பாருங்கள். கேள்வி கேட்ட உம்மாவையும் அழைத்திருக்கிறோம். "வருவேன், ஆனா தூரத்துலதான் நிப்பேன்" என்றார்.

நாங்களும் அங்கேதான் நிற்கிறோம்.