தொட்டுப் பார்க்காத வைத்தியம்

வயிற்றுவலி என்று யார் வந்தாலும் முதலில் ஸ்கேனுக்கு அனுப்பிவிட வேண்டும், வயிற்றை அமுக்கிப் பார்ப்பது ஸ்கேன் இல்லாத காலத்துப் பழக்கம் என்று வண்ணாரப்பேட்டை மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுத எப்படி மனம் வந்தது?

கை ஏமாற்றும், படம் ஏமாற்றாது என்கிறார். தவறு. குடலில் காற்று நிறைந்திருந்தால் அல்ட்ராசவுண்டில் குடல்வால் கண்ணிலேயே படாது. 'தெரியவில்லை' என்ற ரிப்போர்ட்டை 'நோய் இல்லை' என்று படித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மறுநாள் சீழ் பிடித்து வருகிறார்கள். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியதா, வாந்தி வலிக்கு முன்னா பின்னா என்று மெஷின் கேட்காது.

கட்டிலில் கிடப்பவரைப் பாருங்கள். சிறுநீரகக் கல் வலிக்காரர் புரண்டுகொண்டே இருப்பார். இரைப்பைப் புண்ணில் ஓட்டை விழுந்தவர் அசையமாட்டார், மூச்சைக்கூட ஆழமாக இழுக்கமாட்டார். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, வலியில்லாத பக்கத்திலிருந்து மெல்லத் தொட்டு வந்தால் வயிறு பலகையாக இறுகியிருக்கும். மூட்டை தூக்கிவிட்டு, உடம்புவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் நிறைந்த ஊர் இது. அந்த மாத்திரைதான் இரைப்பையை அரிக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நிற்கவைத்து ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்தால், உதரவிதானத்துக்குக் கீழே காற்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பழைய பேட்டரி பிரிப்பவருக்கு ஈயத்தால் வயிறு முறுக்கி வலித்தால்? எந்த ஸ்கேன் அதைச் சொல்லும்? ஈறில் நீலக்கோடு பார்க்க வேண்டும், ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் அவர் என்ன வேலை செய்கிறார் என்று தெரிய வேண்டும். நோயாளியின் தொழிலைக் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமட்சினி 1700-லேயே எழுதிவிட்டார். எண்ணூர்வரை ஆலைகள் நிற்கும் பகுதியில் அந்தக் கேள்வியைக் கேட்காத மருத்துவர் எதற்கு?

தீட்டு தள்ளிப்போன பெண் வலியோடு மயங்கி வருகிறார், நாடி ஓடுகிறது, பிரஷர் இறங்குகிறது. கருக்குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கலாம். அவரை ஸ்கேன் சென்டர் பெஞ்சில் உட்காரவைப்பது கொலைக்குச் சமம். உடனே ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்ப வேண்டியவர் அவர்.

சி.டி. தேவைப்படும் நோய்கள் உண்டு. குடலுக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்த முதியவருக்கு வலி உயிர்போகும், வயிறோ மெத்தென்று இருக்கும், அவருக்கு சி.டி.யைத் தாமதிக்கவே கூடாது. ஆனால் அந்தப் பொருத்தமின்மையைக் கண்டுபிடிப்பதே கைதான். கூட்டத்தில் நேரமில்லை என்ற சாக்கும் வேண்டாம். ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜெயச்சந்திரன், 2018-ல் காலமாகும்வரை, இதே பழைய வண்ணாரப்பேட்டையில் கூட்டத்தின் நடுவேதான் உட்கார்ந்திருந்தார்.

அந்த மருத்துவர் எழுதியதில் கொடுமை இன்னொன்று. ஸ்கேன் முடியும்வரை வலிக்கு ஊசி போடக் கூடாதாம், நோய் மறைந்துவிடுமாம். வயிற்று அவசர நோய்களைக் கண்டறிவது பற்றி 1921-ல் வெளிவந்த அறுவை மருத்துவர் கோப்பின் புத்தகம் அப்படித்தான் எச்சரித்தது. பிந்தைய பதிப்புகள் மாற்றிக்கொண்டன. வலி தணித்தால் நோயறிதல் கெடுவதில்லை என்று 1992 முதல் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. காக்க வேண்டியதைப் பழசு என்று எறிந்துவிட்டு, எறிய வேண்டியதைக் கட்டிக்கொண்டிருக்கிறார். வலியில் துடிப்பவர் வயிற்றை இறுக்கிக்கொள்வார். ஊசி போட்டுச் சற்றுப் பொறுத்துத் தொட்டால், எங்கே வலிக்கிறது என்று அவரே விரலால் காட்டுவார்.