ஃபௌஜிக்கு ஒத்தை ஸ்டார் போட்ட புண்ணியவான்களுக்கு

ஃபௌஜி மொக்கை கேம்தான். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. என் சண்டை அதுக்கு மார்க் போட்டவங்களோட.

கொஞ்சம் பழசைக் கிளறுவோம். 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜிக்குத் தடை. ரெண்டே நாளில் அக்‌ஷய் குமார் ஃபௌஜியை அறிவித்தார். பெங்களூரு என்கோர் கேம்ஸ் தயாரிப்பு. 2021 குடியரசு தினத்தன்று வந்தது. முதலில் அஞ்சு ஸ்டார் மழை, எல்லாம் தேசபக்தி. அப்புறம் ஒத்தை ஸ்டார் மழை: "பப்ஜி மாதிரி இல்லை", "துப்பாக்கி எங்கே?" சில நாளிலேயே பிளே ஸ்டோர் மதிப்பெண் மூணு பக்கம் சரிந்தது.

துப்பாக்கி எங்கேயா? அட சாமி, கதை நடக்கிற இடம் கல்வான் பள்ளத்தாக்குய்யா! 2020 ஜூன் 15 ராத்திரி அங்கே நிஜமாவே துப்பாக்கி வெடிக்கலை. கல்லும், ஆணி வச்ச தடியும்தான். எல்லைக்கோட்டுக்கு ரெண்டு கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாதுன்னு 1996-லேயே ஒப்பந்தம் இருக்கு. கைகலப்பு மட்டும் வச்சதுதான் அந்த கேம்ல உருப்படியா யோசிச்ச ஒரே விஷயம். அதைப் போய் குறைன்னு எழுதினாங்க :-(

நிஜமான குறை வேற. அடி, தடு, மறுபடி அடி. நெருப்புப் பக்கத்துல நின்னா உடம்பு தேறிடும். திரும்ப நட, திரும்ப அடி. அரை மணியில கட்டைவிரல் தூங்கிடும். இதைச் சொன்னவங்க கொஞ்சம் பேர்தான்.

சரி, 2021 ஜூன்ல டீம் டெத்மேட்ச் சோதனை வடிவமா வந்துச்சு. அஞ்சுக்கு அஞ்சு, கையில துப்பாக்கி. கேட்டது கிடைச்சாச்சுல்ல? போட்ட ஒத்தை ஸ்டாரை எத்தனை பேர் திரும்பப் பார்த்தாங்க? அதே மாசம் பப்ஜி, பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியான்னு பேரை மாத்திக்கிட்டு வந்துடுச்சு. கூட்டம் அங்கே ஓடியாச்சு. எங்க லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்து ஓரம் செல்லும் கையுமா உக்காந்திருக்கிற பசங்களைக் கேட்டா, "துப்பாக்கி இல்லாத கேம்தானேண்ணே?"ங்கறாங்க. இன்னிக்கும்!

டெஸ்டினி 2-ஐப் பாருங்க. 2023-ல் லைட்ஃபால் வந்தப்போ கதை தலையும் புரியலை வாலும் புரியலைன்னு கிழிச்சாங்க. 2024-ல் ஃபைனல் ஷேப் வந்ததும் அதே கூட்டம் ஆடிப் பார்த்துட்டு, நல்லாருக்குன்னு தாராளமா எழுதுச்சு. நம்மூர்ல தேசபக்தின்னா அஞ்சு, பப்ஜி இல்லைன்னா ஒண்ணு. நடுவுல ரெண்டு, மூணு, நாலுன்னு நம்பர் இருக்கறதே மறந்துபோச்சு.

2025-ல் வேற டீம் செஞ்ச ஃபௌஜி: டாமினேஷன் வந்திருக்கு. மேப் எப்படி, துப்பாக்கி உதறுதா, நெட் தடுமாறினா என்ன ஆகுதுன்னு யாராவது தமிழ்ல ரெண்டு பத்தி எழுதுங்கப்பா. திட்டியே எழுதுங்க, ஆனா ஆடிட்டுத் திட்டுங்க.