லேசருக்கு முன் சொல்லியாக வேண்டியவை

பார்வை அட்டையின் கடைசி வரி வரை வாசித்து முடித்தவரின் கோப்பில் நாம் 6/6 என்று எழுதிக்கொண்டிருப்போம். எதிரே அமர்ந்திருப்பவர் தயங்கித் தயங்கிச் சொல்வார்: "எல்லாம் நல்லாத்தான் தெரியுது டாக்டர். ஆனா ராத்திரி வண்டி ஓட்டும்போது எதிர்ல வர்ற லைட்டைச் சுத்தி வட்டம் வட்டமா வருது." லேசர் சிகிச்சை நடக்கும் எந்த மையத்திலும் கேட்கக்கூடிய பேச்சு இது. "போகப் போகச் சரியாயிடும்" என்று நாம் சொல்கிற பதிலும் எங்கும் ஒன்றுதான். பெரும்பாலோருக்குச் சரியாகவும் ஆகிவிடுகிறது. அந்தப் பதிலை அறுவைக்கு முன்பே சொல்லியிருந்தால் தகவலாக இருந்திருக்கும். பின்பு சொல்லும்போது நோயாளியின் காதில் அது சமாதானமாகத்தான் விழுகிறது.

நோயாளி எதை எதிர்பார்த்து வருகிறார் என்பதும் கருவிழியின் தடிமனைப் போல அளந்து பார்க்க வேண்டிய ஒன்று என்பதை இந்த இதழின் மூலம் வலியுறுத்த விரும்புகிறேன். டோபோகிராபி எடுக்காமல் யாரையும் லேசர் மேசையில் படுக்க வைப்பதில்லை. எதிர்பார்ப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலும் படுக்க வைக்கக் கூடாது.

இதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முன்னின்று நடத்திய 'ப்ரௌல்' ஆய்வுகளின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. கடற்படையினர் 262 பேர், பொதுமக்கள் 312 பேர் பங்கேற்ற ஆய்வுகள் அவை. லேசிக்குப் பிறகு தம் பார்வையில் திருப்தி என்றவர்கள் 95 சதவீதத்துக்கு மேல். நாம் மேடைகளில் சொல்லும் எண் இதுதான். அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அறுவைக்கு முன் ஒளிவட்டம், கண்கூச்சம், ஒளிச் சிதறல், இரட்டை உருவம் எதுவும் இல்லை என்று சொன்னவர்களில் 43 முதல் 46 சதவீதம் பேர், மூன்றாம் மாதத்தில் இவற்றில் ஏதாவது ஒன்று புதிதாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். கண் வறட்சி இல்லாதிருந்தவர்களில் ஏறத்தாழ 28 சதவீதம் பேருக்கு அது புதிதாக வந்தது. இத்தொந்தரவுகளால் அன்றாட வேலைகளில் மிகவும் சிரமப்பட்டவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிகிச்சை நல்ல சிகிச்சைதான், அதில் ஐயமில்லை.

அந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. தம் தொந்தரவுகளை மருத்துவரிடம் நேரில் சொன்னவர்களைவிட, கேள்வித்தாளில் எழுதியவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல். அமெரிக்காவிலேயே இப்படி என்றால், "டாக்டர்கிட்ட போய் எப்படிக் குறை சொல்றது" என்று நினைக்கும் நம் ஊர் நோயாளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மறுபரிசோதனையில் யாரும் குறை சொல்லவில்லை என்பதால் குறையே இல்லை என்று முடிவுகட்டுவது சரியாகாது.

நம்மிடம் வருபவர்களின் காரணங்களைக் கேட்டால் எதிர்பார்ப்பின் வடிவம் புரியும். நாள் முழுதும் திரையைப் பார்க்கும் மென்பொருள் ஊழியர், குளிர்சாதன அறையில் கான்டாக்ட் லென்ஸ் உறுத்துகிறது என்பார். மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய அம்மா, "மாப்பிள்ளை வீட்டுல வர்றதுக்குள்ள கண்ணாடியை எடுத்துடணும்" என்பார். இந்த இரண்டாவது சூழலில் அந்தப் பெண்ணுக்கு விருப்பம் உண்டா என்பதை அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். பெற்றோர் அறைக்கு வெளியே காத்திருக்கட்டும். சீருடைப் பணிக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் வேறு வகை. ஒவ்வொரு பணிக்கும் மருத்துவ விதி வேறு. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு லேசிக் செய்துகொண்டவர்கள் தகுதி பெறுவதில்லை. வேலைக்காகவே லேசர் செய்துகொண்டு, அதனாலேயே வேலையை இழக்கும் நிலை ஒருவருக்கும் வரக் கூடாது. "எந்த வேலைக்கு? அறிவிப்பைப் படித்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்க நமக்கு அரை நிமிடம் போதும்.

சிலரை நாம் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. அதையும் கணக்குப் போட்டுக் காட்டினால் அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். 520 மைக்ரான் தடிமனுள்ள கருவிழி, மைனஸ் 8 பவர், 6.5 மி.மீ. சிகிச்சை வட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயாப்டருக்குச் சுமார் 14 மைக்ரான் வீதம் 112 மைக்ரான் திசு போகும். ஃபிளாப்புக்கு 110. மிஞ்சுவது 298. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்ற பழைய விதிப்படி இவருக்குச் செய்யலாம். ஆனால் மாற்றத்துக்குள்ளாகும் திசு மொத்தத் தடிமனில் 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. 40-ஐத் தாண்டினால் கருவிழி பிதுங்கும் ஆபத்து கூடுகிறது என்ற எச்சரிக்கை 2014 முதல் நம் துறையில் இருக்கிறது. வசந்தகால ஒவ்வாமையால் சிறு வயதிலிருந்தே கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இவருக்குக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் பற்றிச் சொல்லலாம், அல்லது கண்ணாடியே போதும் என்று சொல்லலாம். நம் வெயிலிலும் தூசியிலும் கண்ணைக் கசக்காத பிள்ளைகள் குறைவு. ஆகவே "கண்ணைக் கசக்குவீர்களா" என்ற கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நோயாளி இல்லை என்றாலும் கூட வந்திருக்கும் அம்மாவைக் கேளுங்கள்.

அறுவை நாளைப் பற்றிப் பலரும் மிகக் குறைவாகவே சொல்கிறோம். "பத்து நிமிஷம், வலிக்காது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வலிக்காது என்பது உண்மைதான், மரத்துப்போகும் சொட்டு மருந்து தன் வேலையைச் செய்கிறது. ஆனால் வலியைத் தவிர எத்தனையோ அனுபவங்கள் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கின்றன. இமைகளை விலக்கிப் பிடிக்கும் கருவி இழுப்பது போல இருக்கும். உறிஞ்சு வளையம் பொருந்தும்போது கண்ணில் அழுத்தம் ஏறும், பார்வை மங்கும். சில கருவிகளில் சில நொடிகள் முழுவதும் இருண்டே போகும். முன்கூட்டிச் சொல்லப்படாத ஒருவர் அந்த நொடியில் 'கண் போய்விட்டது' என்றுதான் நினைப்பார். தலையை அசைப்பார்.

ஸ்மைல் சிகிச்சையில் இது இன்னும் முக்கியம். லேசர் ஓடும் அரை நிமிட அளவில், நோயாளி பார்த்துக்கொண்டிருக்கும் பச்சை விளக்கு மங்கிக் கலைந்துபோகும். அதைத் தேடிக் கண்ணை நகர்த்தினால் உறிஞ்சல் விடுபடும், சிகிச்சை பாதியில் நிற்கும். "விளக்கு மறையும், தேடாதீர்கள், பார்த்த இடத்திலேயே பாருங்கள்" என்று முந்தைய நாளே சொல்லி, மேசையிலும் ஒருமுறை சொன்னால் அந்த ஆபத்து குறையும். "கண்ணை ஆட்டிட்டா என்ன ஆகும் டாக்டர்?" என்று கேட்காத நோயாளி இல்லை. எக்ஸைமர் லேசரில் கண்ணின் அசைவைப் பின்தொடரும் கருவி இருப்பதையும், அசைவு அளவு மீறினால் லேசர் தானாகவே நின்றுவிடும் என்பதையும் சொன்னால் அவர் தோள்கள் தளர்வதை நாமே பார்க்கலாம்.

லேசிக்கிலும் பி.ஆர்.கே.யிலும் 'டிக் டிக்' என்ற சத்தமும் முடி கருகுவது போன்ற வாடையும் வரும். கண் எரிகிறது என்று பயப்படுகிறார்கள். எரிவதில்லை. 193 நானோமீட்டர் புறஊதாக் கதிர், திசுவின் மூலக்கூறு இணைப்புகளை அறுத்து ஆவியாக்கிவிடுகிறது, பக்கத்துத் திசுவுக்கு வெப்பம் போய்ச் சேருவதில்லை. உயிர்த் திசுவில் இதைக் கண்டறிந்தவர்களில் முதன்மையானவர் 1929-இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன். ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1981 நவம்பரில் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மீது இந்த லேசரைச் செலுத்திப் பார்த்தார். கருகல் இல்லாமல் சுத்தமாக வெட்டியிருந்தது. 1983-இல் ஸ்டீபன் டிரோக்கலுடன் சேர்ந்து அதைக் கருவிழிக்குக் கொண்டுவந்தார். நம் ஊரில் படித்த ஒருவரின் கண்டுபிடிப்பு என்று சொல்லி அந்த வாடையை விளக்கினால் நோயாளி மறக்க மாட்டார், பயமும் விலகும்.

அறுவைக்குப் பிந்தைய நாட்களைப் பற்றிய தகவல் சிகிச்சைக்குச் சிகிச்சை மாறும். இதை எல்லோருக்கும் ஒரே அச்சுத்தாளில் கொடுப்பது தவறு. லேசிக் செய்தவருக்கு நான்கைந்து மணி நேரம் எரிச்சலும் நீர்வடிதலும் இருக்கும். தூங்கி எழுந்தால் அடங்கிவிடும், மறுநாள் காலையே சுவர்க் கடிகாரம் தெளிவாகத் தெரியும். பி.ஆர்.கே. செய்தவருக்கு இரண்டு மூன்று நாள் நல்ல வலி உண்டு. நாலைந்து நாள் பேண்டேஜ் லென்ஸ் கண்ணில் இருக்கும், பார்வை தெளிய வாரங்கள் ஆகும். லேசிக் செய்துகொண்ட அலுவலகத் தோழி மறுநாளே வேலைக்கு வந்ததைப் பார்த்துவிட்டு பி.ஆர்.கே.க்குப் படுத்தவர், மூன்றாம் நாள் அழுதுகொண்டு தொலைபேசியில் கூப்பிடுவது அதனால்தான். கபடி ஆடுபவருக்கும் காவல் துறையில் சேர இருப்பவருக்கும் ஃபிளாப் இல்லாத முறையே ஏற்றது. ஃபிளாப் பழைய வலிமையோடு ஒருபோதும் ஒட்டுவதில்லை, பல ஆண்டுகள் கழித்து அடிபட்டு நகர்ந்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

வீட்டுப் பழக்கங்களை நம் மொழியில் சொல்ல வேண்டும். 'கண்ணில் நீர் படக் கூடாது' என்று அச்சிட்டால் போதாது. ஒரு வாரம் தலைக்குக் குளிக்க வேண்டாம், எண்ணெய்க் குளியல் வேண்டவே வேண்டாம், கண் மை எழுத வேண்டாம், முகம் கழுவுவதற்குப் பதில் ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள், இரு சக்கர வாகனத்தில் பின்னால் உட்கார்ந்தாலும் கண்ணாடி அணியுங்கள், இரவில் கண்கவசம் போட்டுக்கொண்டு தூங்குங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ முந்தைய வாரத்தில் தேதி கேட்பவரிடம், அந்த வாரம் வேண்டாம் என்று சொல்வதும் நம் பொறுப்பு. கண் வறட்சிக்கு ஆறு மாதம் வரை சொட்டு மருந்து தேவைப்படலாம். வெட்டப்பட்ட கருவிழி நரம்புகள் மெதுவாகத்தான் வளரும்.

நாற்பதை நெருங்குபவர்களிடம் பேச வேண்டியது தனி. மைனஸ் 2.5 பவர் உள்ள 38 வயதுப் பெண் இன்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியில் நூல் கோக்கிறார், மருந்துப் பெட்டியின் பொடி எழுத்தை வாசிக்கிறார். லேசருக்குப் பிறகு தூரம் தெளியும். சில ஆண்டுகளில் வெள்ளெழுத்து வந்து, படிக்கக் கண்ணாடி வாங்குவார். இதை அறியாமல் வருபவருக்கு அது வாக்குறுதியை மீறியதாகவே தோன்றும். தூரப் பவரை முழுவதும் சரிசெய்யும் கான்டாக்ட் லென்ஸை ஒரு வாரம் போட்டுக்கொண்டு வீட்டு வேலை செய்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அவரே முடிவு செய்யட்டும்.

கிட்டப்பார்வை லேசரால் குணமாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பவர் சரியாகிறது, கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. விழித்திரை விலகும் அபாயம் முன்போலவே தொடர்கிறது. ஆண்டுதோறும் கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனை தேவை. கருவிழி மெலிந்திருப்பதால் கண் நீர் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பரிசோதிப்பவருக்கு லேசர் செய்தது தெரியாவிட்டால் கிளாக்கோமா தவறிப்போகலாம். பிற்காலத்தில் கண்புரை வரும்போது லென்ஸ் பவர் கணக்கிலும் கருவிழியின் சக்தி கூடுதலாகக் காட்டி, பிளஸ் பக்கம் பிழை விழும். பழைய அளவுகள் தேவைப்படாத சூத்திரங்கள் இப்போது வந்துவிட்டன. என்றாலும் பழைய அளவுகள் கையில் இருந்தால் கணக்கு உறுதிப்படும். இன்று 25 வயதில் லேசர் செய்துகொள்பவர் 60 வயதில் எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் கண்புரைக்குப் போவார் என்று யாருக்குத் தெரியும்? நம் மையம் அப்போது இருக்கிறதோ இல்லையோ, அவர் பீரோவில் ஒரு அட்டை இருக்க வேண்டும்.

ஒப்புதல் என்ற பெயரில் நாம் வாங்கும் கையெழுத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளி அறிந்துகொண்டு தரும் ஒப்புதலே செல்லும். அறுவை நாளன்று காலையில், கண்ணில் சொட்டு மருந்து விட்ட பிறகு, ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு பக்கத்தை நீட்டுவது அந்தத் தீர்ப்பின் சொல்லுக்கும் பொருந்தாது, அதன் நோக்கத்துக்கும் பொருந்தாது. ஆலோசகர்கள் நன்றாகவே பேசுகிறார்கள், அவர்கள் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கட்டணத்தைப் பேசுபவரும் ஆபத்தைப் பேசுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. ஆபத்தைச் சொல்ல வேண்டியவர் கத்தியைப் பிடிப்பவர்தான். இந்தப் பேச்சால் சிலர் மனம் மாறிப் போய்விடுவார்கள் என்று நிர்வாகம் கவலைப்படலாம். அப்படிப் போகிறவர்கள் அறுவைக்குப் பின் வருந்தக்கூடியவர்கள். அவர்களை முன்பே அடையாளம் காண்பது நமக்கும் நல்லது.

வாசகர்களான மருத்துவர்களிடமும் ஆப்டோமெட்ரிஸ்டுகளிடமும் மூன்று வேண்டுகோள்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, அறுவைக்கு ஒரு நாளாவது முன்பு வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். மூன்றாம் மாத மறுபரிசோதனையில் ஒளிவட்டம், கூச்சம், வறட்சி பற்றிய கேள்விகளைத் தாளில் கொடுத்து, நோயாளியையே தனியாக நிரப்பச் சொல்லுங்கள். அறுவைக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு, தடிமன், செய்த சிகிச்சை ஆகிய நான்கையும் ஒரு அட்டையில் எழுதிக் கையொப்பமிட்டு ஒவ்வொருவரிடமும் கொடுங்கள்.