வில்லங்கம் இல்லை என்றால் வாங்கிவிடலாமா?

"எண்ணூரில் கழிமுகத்தின் பக்கம் 600 சதுர அடி வீட்டுமனை விலைக்கு வருகிறது. 30 வருட வில்லங்கச் சான்றில் பிரச்னை இல்லை. முன்பணம் கொடுக்கலாமா?"

- வாசகர், திருவொற்றியூர்.

அவசரம் வேண்டாம். பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றை மட்டுமே வில்லங்கச் சான்று காட்டும். அந்த இடம் பட்டா நிலமா, நீர்வழிப் புறம்போக்கா என்பதை வருவாய்த்துறைப் பதிவேடுதான் சொல்லும். கிராமங்களில் அது 'அ' பதிவேடு; நகர்ப்பகுதிகளில் நகர நில அளவைப் பதிவேடு. வட்டாட்சியர் அலுவலகத்தில் நகல் வாங்கிப் பாருங்கள். 'புறம்போக்கு' என்று இருந்தால், வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் உரிமை ஆகாது. விற்பவர்கள் முதலில் எடுத்து நீட்டுவது அந்த இரண்டையும்தான்!

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா? இல்லையென்றால் 2017 விதிகளின்படி பெற்ற வரன்முறை உத்தரவைக் கேளுங்கள். 20.10.2016-க்குள் ஒரு மனையாவது விற்றுப் பதிவான மனைப்பிரிவுகளுக்கே அது பொருந்தும். நீர்நிலையில் போட்ட மனைக்கு அதுவும் கிடையாது.

எண்ணூரில் இன்னொரு சிக்கல், கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கடற்கரை மட்டுமல்ல, அலை ஏறி இறங்கும் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகக் கரையும் அதில் அடங்கும். பத்திரம் சுத்தமாக இருந்தாலும் அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். சர்வே எண்ணோடு சி.எம்.டி.ஏ. அலுவலகத்தில் விசாரித்த பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.