ஓடி ஓடி நிற்கும் படகு மோட்டார்: கார்புரேட்டரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டியது எங்கள் ஊர். மழைக்கால உதவிக்காக ஃபைபர் படகும், 8 குதிரைத்திறன் பெட்ரோல் மோட்டாரும் ஊர்ப் பொதுவில் வாங்கி வைத்திருக்கிறோம். கயிறு இழுத்ததும் மோட்டார் கிளம்புகிறது. இரண்டு நிமிடத்தில் திணறி நின்றுவிடுகிறது. டியூப்பில் உள்ள ரப்பர் குமிழை அமுக்கினால் மறுபடி ஓடுகிறது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், பூந்தமல்லி வட்டம்

பதில்: அவசரப்பட வேண்டாம். குமிழை அமுக்கினால் ஓடுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. கையால் பெட்ரோலைத் தள்ளினால் கார்புரேட்டர் வாங்கிக்கொள்கிறது. தானாக வந்து சேர்வதில்தான் குறை. ஆகவே டேங்கில் தொடங்கி, பெட்ரோல் போகும் வழியிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்து வாருங்கள். செலவில்லாத வேலை முதலில், செலவு வைக்கும் வேலை கடைசியில்.

ஓர் எச்சரிக்கை. படகு மோட்டாரைத் தரையில் வைத்து வெறுமனே ஓட்டக்கூடாது. இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை சிறிது நேரத்திலேயே கருகிவிடும். பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, தண்ணீர் இழுக்கும் துளைகள் நன்றாக மூழ்கும்படி மோட்டாரைக் கட்டிவைத்து ஓட்டிப் பாருங்கள்.

1. டேங்க் மூடி: மூடியின் மேல் காற்று போக ஒரு சிறு திருகு இருக்கும். வண்டியில் ஏற்றும்போது அதை இறுக்கிவிட்டுத் திறக்க மறந்துவிடுவார்கள். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று புகாததால் இழுப்பு நின்றுபோகும். ஓரிரு நிமிடம் ஓடி நிற்பதற்கு இதுவே முதல் சந்தேகம். மூடியைத் தளர்த்தியதும் சீராக ஓடினால் வேலை முடிந்தது.

2. ரப்பர் குமிழ்: குமிழில் உள்ள அம்புக்குறி மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து அமுக்கினால் சீக்கிரம் கெட்டியாகும். எத்தனை முறை அமுக்கியும் கெட்டியாகவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது குமிழின் வால்வு போய்விட்டது. டியூப் வெடிப்பு, கிளாம்ப், இணைப்பில் உள்ள ரப்பர் வளையம் மூன்றையும் பாருங்கள். ஓடும்போது குமிழ் ஒட்டி உள்வாங்கினால் அடைப்பு டேங்க் பக்கம். மூடித் திருகையும் டேங்கின் உள் வலையையும் பாருங்கள்.

3. பெட்ரோலில் தண்ணீர்: இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். உறிஞ்சும் குழாயின் முனையும் அங்கேதான் இருக்கிறது. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, கண்ணாடி பாட்டிலில் அரை மணி நேரம் வையுங்கள். நடுவில் கோடு தெரிந்தால் அந்தப் பெட்ரோல் உதவாது. இரு ஸ்ட்ரோக் மோட்டார் என்றால், போன வருடம் ஆயில் கலந்து மிஞ்சியதையும் பயன்படுத்த வேண்டாம். கழித்த பெட்ரோலை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். செம்பரம்பாக்கம் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி.

4. பில்டரும் பம்பும்: பில்டரைக் கழற்றிக் கழுவுங்கள், அல்லது புதிது போடுங்கள். இதுவரை சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும், குமிழை அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் ஓடுகிறது என்றால் பெட்ரோல் பம்பின் உள்ளே உள்ள மெல்லிய சவ்வு கிழிந்தோ விறைத்தோ இருக்கும். சவ்வை மட்டும் மாற்றினால் போதும்.

5. கார்புரேட்டர்: குமிழ் கெட்டியாக இருந்தும் மோட்டார் திணறி, சோக்கைப் பாதி இழுத்தால் மட்டும் ஓடினால் ஜெட் அடைத்திருக்கிறது. ஊக்கு, கம்பி விட்டுக் குத்தாதீர்கள்; துளை பெரிதாகி பெட்ரோல் அளவு மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, பஞ்சர் கடையில் காற்றுப் பிடித்தால் போதும்.

டியூப்பை வாயால் உறிஞ்சி பெட்ரோல் இறக்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். நுரையீரலில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும். அதனால் டேங்கைக் கரையில் வைத்தே நிரப்புங்கள்.

மழை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, டியூப்பைக் கழற்றிவிட்டு, டிரம்மில் மோட்டார் தானாக நிற்கும் வரை ஓட்டுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசின் கட்டுவதுதான் அடுத்த வருடத் தொல்லைக்குக் காரணம். செப்டம்பர் கடைசியில் புதுப் பெட்ரோல் ஊற்றிக் கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். விசைத்தெளிப்பான், பவர் வீடர் வைத்திருப்பவர்களும் இப்படியே செய்யலாம்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிடப்பட்டதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தெருவெல்லாம் படகு ஓடியதையும் இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. ஓட்டத்தின் நடுவே மோட்டார் நின்றால் படகு தண்ணீர் இழுத்த பக்கம் போகும். எனவே துடுப்பு, நீளக் கயிறு, உயிர்காப்பு உடை இல்லாமல் படகை எடுக்காதீர்கள். கலங்கலில் தண்ணீர் பாயும்போது அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: கீரைப் பாத்தியில் தேங்கிய மழைநீரை இறைக்கும்போது டீசல் இன்ஜின் எண்ணெய் தீர்ந்து நின்றது. டீசல் ஊற்றியும் கிளம்பவில்லை. ஏன்?
– வாசகர், ஆவடி வட்டம்

பதில்: குழாயில் காற்று அடைத்திருக்கிறது. டேங்கை நிரப்பி, பில்டர் மேல் உள்ள திருகைத் தளர்த்துங்கள். நுரை நின்று டீசல் சுத்தமாக வரும்வரை விட்டு இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்பில் உள்ள திருகிலும் அப்படியே செய்யுங்கள். பிறகு இன்ஜெக்டர் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தி, கைப்பிடியைச் சுற்றுங்கள். டீசல் கசிந்ததும் இறுக்கிவிடலாம். இன்ஜெக்டர் பீச்சும் இடத்துக்கு எதிரே கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். இனி டேங்க் கால்வாசி ஆகும்போதே நிரப்பிவிட்டால் இந்த வேலையே வராது. கீரை வேர் அழுகும் முன் தண்ணீரை வடித்தாக வேண்டும் என்பதால், இதை மழைக்கு முன்பே ஒரு முறை செய்து பழகிக்கொள்ளுங்கள்.