பச்சையா மின்னுறதெல்லாம் காரணமா?

மறுபடியும் அந்தப் படம் சுத்த ஆரம்பிச்சாச்சு மக்களே. கறுப்புப் பின்னணி, நடுவுல சுருண்டு கிடக்கிற கரு, நரம்பெல்லாம் பச்சை, ரத்தக்குழாயெல்லாம் சிவப்பு. கீழே ஒரு வரி: "தாய் வயிற்றில் சிசு, உண்மைப் புகைப்படம்." பத்திரிகையில வந்தா தலைப்பு வேற மாதிரி: "தசையை உருவாக்கும் ஜீன் கேமராவில் சிக்கியது!"

ரெண்டுமே தப்பு. ரெண்டாவது ரொம்பவே மோசமான தப்பு.

முதல்ல படம் எப்படி வருதுன்னு பார்ப்போம். எடின்பரோவில் ஜேம்ஸ் ஷார்ப் குழுவினர் 2002-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆப்டிகல் ப்ரொஜெக்‌ஷன் டோமோகிராஃபியையே எடுத்துக்குவோம். சி.டி. ஸ்கேனோட தம்பின்னு வெச்சுக்குங்க. எக்ஸ்ரேக்குப் பதிலா ஒளி. சில மில்லிமீட்டர் நீளமுள்ள சுண்டெலிக் கருவை வெளியே எடுத்து, பதப்படுத்தி, நாம தேடுற ஜீனோட எம்.ஆர்.என்.ஏ. அல்லது புரதம் எங்க இருக்கோ அங்க மட்டும் தெரியற மாதிரி சாயம் ஏத்துவாங்க. அப்புறம் அகரோஸ் ஜெல்லில் பதிச்சு, தண்ணியை நீக்கி, கண்ணாடி மாதிரி தெளிய வைக்கிற திரவத்தில் ஊறப்போட்டு, கொஞ்சம் கொஞ்சமா சுத்தவிட்டு நூற்றுக்கணக்கில் படம் எடுப்பாங்க. அதையெல்லாம் சேர்த்து முப்பரிமாணமா ஆக்குறது கம்ப்யூட்டர் கணக்கு. கேமராவில் பதிவாகிறது பெரும்பாலும் ஒளியோட அளவு மட்டும்தான். கண்ணைப் பறிக்கிற பச்சையும் சிவப்பும் பின்னாடி நாம பூசினது.

ஆக, அந்தக் கரு வயித்துக்குள்ள இல்லை, உயிரோட இல்லை, பல நேரம் மனுஷக் கருவே இல்லை. 2017-ல் பாரிஸ் குழு ஒன்று 'செல்' இதழில் வெளியிட்ட மனிதக் கருப் படங்கள் கூட கலைக்கப்பட்ட கர்ப்பங்களில் இருந்து, அந்தப் பெண்களோட சம்மதத்தோட கிடைச்சவை. அதை "அம்மா வயித்துல பாப்பா தூங்குது"ன்னு போடுறது அந்தப் பெண்களுக்குச் செய்யற மரியாதையா?

இப்ப ரெண்டாவது தப்புக்கு வர்றேன். தசை வர்ற இடத்துல ஒரு ஜீன் மின்னுதுன்னா, தசையை உண்டாக்குறதே அதுதான்னு அர்த்தமா? கல்யாண மண்டபத்துக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்து நிக்கிறவர் மைக் செட்டுக்காரர். அவரா மாப்பிள்ளை?

மயோடி ஜீன் கதையைக் கேளுங்க. 1987-ல் கண்டுபிடிச்சப்பவே பெரிய ஹீரோ. ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லுக்குள்ள இதை வேலை செய்ய விட்டா, அது தசை செல்லா மாறிடுது. கருவிலும் தசை உருவாகிற இடத்துலதான் தெரியுது. இதைவிட என்ன சாட்சி வேணும்? 1992-ல் அந்த ஜீனையே முடக்கின சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தாங்க. தசை ஜம்முனு இருந்தது! மிஃப்-5ங்கிற இன்னொரு ஜீன் அந்த வேலையைப் பார்த்துடுச்சு. 1993-ல் ரெண்டையும் முடக்கினாங்க. எலும்புத் தசையே உருவாகலை, பிறந்த குட்டிகள் அசையக்கூட முடியாம செத்துப்போச்சு.

படம் சொல்றது எங்கே, எப்போன்னு மட்டும்தான். ஏன்னு தெரியணும்னா தட்டிப் பார்க்கணும், எடுத்துப் பார்க்கணும்.

"இதனால என்ன குடி முழுகிப் போச்சு?"ன்னு கேட்கறவங்களுக்கு: ஒரு ஜீனுக்கு ஒரு வேலைன்னு மனசுல பதிஞ்சுட்டா, நாளைக்கு ஏதோ ஒரு ரிப்போர்ட்டில் ஒரு எழுத்து மாறியிருக்குன்னு கேள்விப்பட்டவுடனே ஒரு கர்ப்பிணி ராத்திரி தூங்க மாட்டா. அந்தப் பயத்தை வெச்சுக் காசு பார்க்க ஆளா இல்லை?

இதுக்கு நேரெதிர் கோஷ்டி ஒண்ணு இருக்கு. "கலர் பொய்னா எல்லாமே ஃபோட்டோஷாப் வேலைதானே"ம்பாங்க. அய்யா, மேப்புல காவிரியை நீலமா வரைஞ்சிருக்கான்கிறதால காவிரியே பொய்னு ஆயிடுமா? கலர்தான் நம்ம இஷ்டம், இடம் அளந்து எடுத்தது. ஜீனை முடக்கின பிறகு கருவில் எங்கே தேடணும்னு காட்டறதே இந்த மாதிரிப் படம்தான்.

அதனால நான் கேட்கறது ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் நாலு விஷயம் போடுங்க: எந்த உயிரினம், எத்தனையாவது நாள், உயிரோட எடுத்ததா இல்லையா, எந்த நிறம் எதைக் குறிக்குது. ஆராய்ச்சிக் கட்டுரையில இது அத்தனையும் இருக்கும். நடுவுல கத்தரி போடறது நம்மாளுங்கதான்.

மறுப்பு இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம். படத்தோட வந்தா அந்த நாலு வரியும் சேர்ந்தே வரட்டும்.