நர்ஸ் படிப்பு மட்டும்தானா நம் பெண்களுக்கு?

"கூலிக்காரன் மகளுக்கு நர்ஸ் படிப்புப் போதும். தத்துவமும் பூகர்ப்ப சாஸ்திரமும் அவளுக்குச் சோறு போடுமா?"

அரக்கோணத்தில் பிளஸ் டூ முடிவு வரும் ஒவ்வொரு வருஷமும் இந்தப் பேச்சு எழுகிறது. நம்மீது பரிவுள்ளவர்கள் போலச் சிலர் சொல்லுகிறார்கள். நம்மவர்களிலும் பலர் தலையாட்டுகிறார்கள். இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நர்ஸ் படிப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் வேலூரில் நர்ஸ் பள்ளியைத் தொடங்கினார். அங்கே வளர்ந்த கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1946-ல் நர்ஸ் பட்டப் படிப்பு வந்தது. இந்தியாவில் அந்தப் பட்டப் படிப்பு முதலில் வந்தது அதே வருஷத்தில், வேலூரிலும் டில்லியிலும்தான். நம் வட்டாரத்துக்கு அது பெருமை.

ஆனால் அந்தப் படிப்பாவது முழு வயிற்றுக்குச் சோறு போட்டதா? 2015-ல் தமிழ்நாடு சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு ஆயிரக்கணக்கான நர்ஸுகளை எடுத்தார்கள். தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய்! இரண்டு வருஷத்தில் வேலை நிரந்தரம் என்றார்கள். வருஷம் இரண்டும் கழிந்தன, வாக்கு நிறைவேறவில்லை. 2017 நவம்பரில் அந்தப் பெண்கள் சென்னையில் திரண்டு உட்கார்ந்து போராட வேண்டியதாயிற்று. ஆகவே சோறு போடுவது படிப்பு மட்டுமல்ல, ஒற்றுமையும்தான். பிளஸ் டூவில் பௌதிகம், ரசாயனம், உயிரியல் எடுக்காத பெண்ணுக்கு நர்ஸ் பட்டப் படிப்பின் கதவே திறப்பதில்லை என்பதையும் இந்தப் பரிவாளர்கள் சொல்லுவதில்லை.

தத்துவம் பணக்காரர் படிப்பாம்! அரக்கோணத்துக்குப் பக்கத்துத் திருத்தணியில் பிறந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும், பிறகு சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியிலும் படித்தார். அவர் தத்துவம் எடுத்தது ஏன்? வசதியில்லாத குடும்பம், அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் தமது தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார், புத்தகச் செலவு மிஞ்சியது. இப்படிப் படித்தவர்தான் 1962-ல் நாட்டின் ஜனாதிபதியானார். அவருடைய வேதாந்தத்தோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் பழைய புத்தகத்தில் தத்துவம் படித்தவரைக் காட்டி, தத்துவம் சீமான் வீட்டுச் சொத்து என்று யாரால் சொல்ல முடியும்?

இனி பூகர்ப்ப சாஸ்திரம். பூமியின் வயிற்றைப் படிக்கும் படிப்பு அது. பாலாற்றங்கரை விவசாயத் தொழிலாளிக்கு அது வேண்டாமா? தோல் ஷாப்புகளின் கழிவு கலந்து கிணறுகள் கெட்டன. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக சுப்ரீம் கோர்ட்டே 1996-ல் தன் தீர்ப்பில் குறித்தது. ராணிப்பேட்டையில் 1995-ல் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு பல்லாண்டு மழையில் நனைந்து கிடந்தது. நிலம் பாழானால் முதலில் வேலை இழப்பவன் யார்? கூலிக்காரனே!

ஒரே ஒரு கெட்ட கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். குரோமியம் பட்டுத் தோல் ஷாப்புத் தொழிலாளியின் கையில் விழும் புண்ணுக்கு மருந்து கட்டுகிறாள் நர்ஸ். அந்த விஷம் எந்த மண்ணடுக்கு வழியே எந்தக் கிணற்றுக்கு வந்தது என்று காட்டுகிறது பூகர்ப்ப சாஸ்திரம். "எல்லாம் தலைவிதி" என்று முதலாளி சொல்லும்போது, "விதியா? யாருடைய லாபம்?" என்று கேட்கக் கற்றுக்கொடுக்கிறது தத்துவம். "கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும்" என்று அந்த 1996 தீர்ப்பு சொன்னதே, அது என்ன? நியாயம் எது என்ற கேள்விக்கு விடை, அதாவது தத்துவம்! அதே கோர்ட்டு 2025 ஜனவரியில் மறுபடியும் நஷ்ட ஈடு பற்றி உத்தரவிட வேண்டியிருந்தது. 28 வருஷத்துக்கு மேல்!

புண்ணுக்கு மருந்து கட்டும் படிப்பு நமக்கு. புண் ஏன் வந்தது என்று கேட்கும் படிப்பு அவர்களுக்கு. இதுதான் அந்தப் பரிவின் உட்பொருள். இந்தப் பங்கீட்டை நாம் ஏற்க முடியாது.

2022 முதல் சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் அது போதாது. நாம் கேட்பது இவை:

சர்க்கார் நர்ஸ் கல்லூரிகளில் இடங்களைப் பெருக்கு! தொகுப்பூதிய நர்ஸுகளை நிரந்தரமாக்கு!

மாணவர் குறைவு என்று சாக்குச் சொல்லித் தத்துவ வகுப்பையும் பூகர்ப்ப வகுப்பையும் மூடாதே! தமிழில் நல்ல பாடப் புத்தகம் கொடு!

பாலாற்றங்கரைக் கிராமங்களில் கிணற்று நீரைச் சோதிக்க, அந்த ஊர்ப் பிள்ளைகளையே படிக்கவைத்து வேலைக்கு எடு!

தோழர்களே! அரக்கோணம் ஜங்ஷனிலிருந்து ரயில் மேற்கே காட்பாடிக்கும் போகிறது, கிழக்கே சென்னைக்கும் போகிறது. எந்தப் படிப்புக்கு எந்த ரயில் ஏறுவது என்பதை நம் மகள் தீர்மானிக்கட்டும். டிக்கட்டை நாம் போராடி வாங்குவோம்!